இந்த வருஷம் வாசித்துக் காட்ட ஆளில்லை

அத்தியாயம் 14

ஸ்பைசர் கோவ் மலையூர்ப் பெண்களுக்கு இந்த வசந்தத்தில் இரண்டே கவலை. ஹார்லன் டீக் வீட்டிலிருந்து இன்னும் திரும்பி வராத பாத்திரங்கள் ஒன்று. அவன் மகள் கெசியா திங்கட்கிழமை எழுதப்போகும் தேர்வு இன்னொன்று.

பாத்திரக் கதை சுலபம். ஜனவரியில் ஹார்லனின் மனைவி அன்னலீ புற்றுநோயில் போய்ச் சேர்ந்தபோது, சர்ச் பெண்கள் முப்பத்தொரு கண்ணாடிப் பாத்திரங்களில் சாப்பாடு கொண்டுவந்து இறக்கினார்கள். அடியில் டேப் ஒட்டி, பெயர் எழுதித்தான் கொடுத்தார்கள். துக்க வீட்டில் போய்த் திருப்பிக் கேட்க முடியுமா? முடியாது. அதற்காக மறந்துவிட முடியுமா? அதுவும் முடியாது.

தேர்வுக் கதைதான் சிக்கல். அன்னலீ தன் மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைத்தவள். இந்த மலைப்பக்கம் பாதி வீட்டில் அப்படித்தான். அரசாங்கம் கேட்பதெல்லாம் வருஷத்துக்கு ஒரு பொதுத்தேர்வு. வீட்டிலேயே எழுதி, மதிப்பெண் தாளைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். எவ்வளவு வாங்கினாய் என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை.

கேட்டது ஹார்லன். போன ஞாயிறு மதியச் சாப்பாட்டில், கையில் சோளரொட்டியோடு அவன் சொன்னது நினைவிருக்கும்: "போன வருஷம் மாதிரி மார்க் வந்தா, அன்னலீ ஆசைப்பட்டபடி இவ வீட்டுலயே படிக்கட்டும். குறைஞ்சா, ஆகஸ்ட்லேர்ந்து மஞ்சள் பஸ், பள்ளிக்கூடம்."

எட்டு வயதுக் கெசியா முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அம்மா உட்காரவைத்துப் பாடம் சொன்ன அதே நாற்காலி, அதே ஜன்னல், அதே பத்து மணி. அந்தப் பிள்ளைக்கு அம்மா வகையில் மிச்சம் இருப்பது அவ்வளவுதான். அதையும் பஸ் ஏற்றி அனுப்பப் பார்க்கிறான் மனுஷன் என்று ஊர் முணுமுணுத்தது. ஊருக்கென்ன, முணுமுணுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?

அந்த நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் இப்போது உட்காருகிறவள் ஹார்லனின் அக்கா டார்லா. அவனுக்கு இரண்டு வயது மூத்தவள். நாக்ஸ்வில்லில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் இருந்தவள், இரண்டு வாரம் லீவு போட்டு வந்து நாலு மாதம் ஆகிறது. இரண்டு புருஷன்களைக் கழற்றிவிட்டவளுக்கு ஒரு பல் டாக்டரைக் கழற்றிவிடுவதா கஷ்டம் என்று சர்ச் வாசலில் ஒரு பேச்சு உண்டு. டார்லா காதில் அது விழுந்தது. சிரித்துக்கொண்டாள். பாத்திரங்களை மட்டும் திருப்பித் தரவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. ஹார்லன் தன் பொக்லைனை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு யார் வீட்டுக்கோ செப்டிக் டேங்க் தோண்டக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"இன்னிக்குத்தானே மாதிரித் தேர்வு?" என்றான் வாசலில் நின்றபடி.

"ஆமா."

"நேரம் வச்சு எழுதச் சொல்லு. நிஜத் தேர்வு மாதிரியே. உதவி பண்ணாத அக்கா."

"எனக்குத் தெரியும், போடா."

பென்சில்கள் சீவி வைத்தாயிற்று. கோழி வடிவ டைமர் மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் வகுப்புப் பயிற்சிப் புத்தகம் வில்டா ப்ரூயிட் இரவல் கொடுத்தது. ஐந்து பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைத்துக் கரையேற்றிய அம்மாள். அந்தப் பெருமையை ஐந்து தடவைக்குக் குறைந்து யாரிடமும் சொன்னதில்லை.

தேர்வு நடத்துகிறவர் சொல்லவேண்டியது புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது. டார்லா விமானப் பணிப்பெண் குரலில் வாசித்தாள்: பத்தியைப் படிக்கவும், ஒவ்வொரு கேள்விக்கும் சரியான வட்டத்தை நிரப்பவும், முப்பது நிமிடம், இப்போது தொடங்கலாம்.

கோழி டிக் டிக் என்றது.

கெசியா கைகளை மடியில் வைத்துக்கொண்டு டார்லாவின் முகத்தையே பார்த்தாள்.

"ஆரம்பிங்க அத்தை."

"நான் ஆரம்பிச்சாச்சு. நீதான் ஆரம்பிக்கணும்."

"இன்னும் கதையே வரலையே?"

"கதை உன் முன்னால இருக்கு, கண்ணு. பேசக்கூடாது. எழுது."

கெசியா குனிந்தாள். பென்சிலை எடுத்தாள். கோட்டைத் தாண்டாமல், வெகு அழகாக, ஒவ்வொரு வட்டமாக நிரப்பினாள். பதினோரு நிமிடத்தில் முடித்துவிட்டாள். அவ்வளவு சுருக்கா என்று டார்லாவுக்குப் பெருமைகூட வந்தது.

திருத்தினாள். இருபத்துநாலில் ஐந்து.

விடைத்தாளைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நிரப்பிய வட்டங்கள் ஏறி இறங்கி ஏறி இறங்கி, பின்னல் மாதிரி ஒரே வரிசையில் போயிருந்தன.

"என்ன விளையாட்டு இது? வேணும்னே பண்றியா?"

"நீங்க வாசிச்சா சொல்றேன் அத்தை."

அப்பாமேல் கோபம், அதுதான் வீம்பு என்று நினைத்தாள் டார்லா. சரி, ஒருமுறை வாசித்துத்தான் பார்ப்போமே. தேனீக்கள் கூட்டுக்குள் ஆடுவது ஏன் என்று ஒரு பத்தி, கேள்விகள், நாலு நாலாக விடைகள். டார்லா வாசிக்க வாசிக்க, கெசியா கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் பத்தி முழுவதையும் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். அது அன்னலீயின் பாடமுறை. அம்மா வாசிப்பாள், மகள் தன் வாயால் திருப்பிச் சொல்வாள். நோட்டும் கிடையாது, எழுத்தும் கிடையாது. சர்ச்சில் பைபிளின் நீளமான சங்கீதம் எல்லாம் இந்தப் பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பதைக் கேட்டு மற்ற அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை முழங்கையால் இடித்திருக்கிறார்கள்.

"ஒன்பதாவது கேள்விக்கு ரெண்டு விடை சரி அத்தை. ஆனா அவங்களுக்கு ரெண்டாவதுதான் வேணும். அதனால ரெண்டாவது போடுங்க."

இரண்டாவது விடைத்தாளில் இருபத்துநாலுக்கு இருபத்துநாலு.

டார்லா எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு கதைப்புத்தகத்தை எடுத்து வந்தாள். நரிக்குட்டி ஒன்று பனியில் வழி தவறும் கதை. மூலையெல்லாம் தேய்ந்துபோன புத்தகம்.

"இதை எனக்கு வாசிச்சுக் காட்டு."

கெசியாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஏற்ற இறக்கத்தோடு, நரிக்கு ஒரு குரல், ஆந்தைக்கு ஒரு குரல் வைத்து, பக்கம் புரட்டிப் புரட்டி வாசித்தாள். கேட்டுக்கொண்டே இருக்கலாம். நடுவில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டது. நரி பாலத்தின் அடியில் நுழைவதற்குப் பதில், படத்தில் அது வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

கெசியாவின் குரல் நிற்கவில்லை. படத்தில் நரி அம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருக்க, அவள் வாயில் அது இன்னும் பாலத்தின் அடியில் நடுங்கிக்கொண்டிருந்தது.

டார்லா வேறொரு புத்தகத்தைத் திறந்து நீட்டினாள். தான் போன வாரம் வாங்கிவந்த புத்தகம்.

"இது?"

"தொண்டை வலிக்குது அத்தை," என்றாள் கெசியா.

இப்படிப்பட்ட நேரத்தில் கதவைத் தட்டுவதற்கென்றே கர்த்தர் சிலரைப் படைத்திருக்கிறார். வில்டா ப்ரூயிட், கையில் அரை டஜன் முட்டையோடு, சமையலறைக்குள் வந்தேவிட்டாள். கண் நேராக அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று. அவளுடைய நீலப்பூப் போட்ட பாத்திரம் அங்கேதான் இருந்தது. கெசியாவைக் கோழிகளுக்குத் தீனி போட அனுப்பினாள் டார்லா.

"மாதிரித் தேர்வு எப்படிப் போச்சு?"

"போயிக்கிட்டிருக்கு மிஸ் வில்டா."

"அவளுக்கென்ன, போன வருஷம் நூத்துக்குத் தொண்ணூத்தெட்டுப் பேரை முந்தினவளாச்சே. என் அஞ்சுல ஒண்ணுகூட எண்பதைத் தாண்டல. ரொம்ப மோசமா எழுதினவன் இப்ப வக்கீல்."

டார்லா முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "போன வருஷம் அன்னலீதானே தேர்வு நடத்தினா? கேள்வியை வாசிச்சுக் காட்டியிருப்பாளோ?"

"வாசிக்காம? ரெண்டாம் வகுப்பு வரைக்கும் வாசிச்சுத்தான் காட்டணும். அப்படித்தான் புத்தகத்துலயே போட்டிருக்கு. பிள்ளை முன்னால படமும் வட்டமும் இருக்கும், கேள்வி நம்ம வாயில இருக்கும். மூணாம் வகுப்புலேர்ந்துதான் நாம வாயைப் பொத்திக்கணும். எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. ஏன் கேக்கறே?"

மேஜைமேல் இரண்டு விடைத்தாள்கள் கிடந்தன. வில்டாவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"ஓ," என்றாள் வில்டா. இரண்டாவது தாளையும் பார்த்துவிட்டு மறுபடியும், "ஓ."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என் மூணாவது பையன் பத்து வயசு வரைக்கும் ஒரு வரி படிக்கல. வரும்போது வரட்டும்னு விட்டேன். வந்துச்சு. அன்னலீயும் அப்படித்தான் நெனச்சிருப்பா. நேரம் இருக்குன்னு நெனச்சிருப்பா, பாவம்." குரலைத் தணித்தாள். "திங்கட்கிழமை இந்த வீட்டுல நீயும் அவளும்தான். ஒரு பத்தியை வாசிச்சுக் காட்டினா ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது. அந்தப் பிள்ளைகிட்டேர்ந்து இந்த மேஜையையும் பிடுங்கணுமா? யாருக்கும் தெரியப்போறதில்ல."

யாருக்கும் தெரியாது என்று வில்டா சொன்னால், புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்குள் எல்லாருக்கும் தெரியும் என்று அர்த்தம். ஆனால் டார்லாவைக் கலக்கியது அதுவல்ல.

அவளுக்கு இந்த வேலை பழக்கம். முப்பது வருஷத்துக்கு முன்னால், இதே மலையில், தம்பிக்குப் பாடப்புத்தகங்களை வாசித்துக் காட்டியவள் அவள்தான். ஹார்லனுக்கு எழுத்தைப் பார்த்தால் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். அக்கா வாசிப்பாள், அவன் மனதில் பிடித்துக்கொள்வான், மறுநாள் வகுப்பில் சமாளிப்பான். பள்ளி முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டான். பாசம் என்றுதான் நினைத்துச் செய்தாள். அவனுக்குக் கல்யாணம் ஆனபோது, அந்த வேலையைச் சத்தமில்லாமல் அன்னலீ கைமாற்றி வாங்கிக்கொண்டாள். ஊரில் மூன்றாவது ஆளுக்கு இது தெரியாது. வில்டாவுக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வில்டா போகும்போது தன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். யாரும் தடுக்கவில்லை.

கெசியா கோழிக்கூண்டுப் பக்கம் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். டார்லா புல்லிலேயே உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

ஆமாம் என்று கெசியா தலையை ஆட்டினாள்.

"அப்பாகிட்ட சொல்லாதேன்னு சொன்னாங்களா?"

"இல்ல. கோடையில எழுத்து அட்டையெல்லாம் வச்சு ஆரம்பிச்சோம். அப்புறம் அம்மாவுக்குக் கண் வலிச்சுச்சு. தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிஞ்சு பாத்துக்கலாம்னாங்க. அப்புறம் கிறிஸ்துமஸ் முடிஞ்சுன்னாங்க." ஒரு கோழி வந்து அவள் செருப்பைக் கொத்தியது. அவள் நகரவில்லை. "கடைசியில அம்மாவால வாசிக்க முடியல. நான்தான் எல்லாக் கதையும் சொன்னேன். அவங்க கண்ணை மூடிக்கிட்டு இருந்தாங்க. தூங்கிட்டாங்களான்னு பாக்க ஒரு வரியை விட்டுச் சொல்வேன். விரலால மெத்தையில தட்டுவாங்க."

டார்லா புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"நாம இப்ப கத்துக்கலாமே கண்ணு. நீ கெட்டிக்காரி. ஒரே கோடையில வந்துடும்."

"வேணாம்."

"ஏன்?"

கெசியா யோசித்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று அத்தையை ஒருமுறை அளந்து பார்த்தாள்.

"இப்ப நான் சொல்றப்போ உள்ளே அம்மா குரல்ல கேக்குது. நானே எழுத்தைப் பாத்துப் படிச்சா என் குரல்ல கேக்கும்."

பிடுங்கிய புல்லை டார்லா கோழிகளுக்கு எறிந்தாள்.

ஹார்லன் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தான். வெயில் இன்னும் இறங்கவில்லை. பக்கவாட்டுக் குழாயில் பூட்ஸ் மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தவனிடம் டார்லா இரண்டு விடைத்தாள்களையும் நீட்டினாள்.

"இது அவளா எழுதினது. இது நான் வாசிச்சு, அவ சொன்னது."

எண்களைப் படிப்பதில் அவனுக்குச் சிரமம் இல்லை. ஐந்து. இருபத்துநாலு. ஐந்தை மறுபடி பார்த்தான்.

"தூக்கக் கலக்கமா?"

"அவளுக்குப் படிக்கத் தெரியாது ஹார்லன்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதை மூட மறந்துபோனான்.

"அன்னலீக்கு?"

"தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டவன், அவளைப் பதில் சொல்ல விடவில்லை. "சொல்லியிருந்தா நான் என்ன ஆகியிருப்பேன்னு அவளுக்குத் தெரியும். என் பொண்ணுல்ல. என்னை மாதிரியே." சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. தண்ணீர் சொட்டும் கையால் முகத்தைத் துடைத்தான். "திங்கட்கிழமை வாசிச்சுக் காட்டிடு அக்கா."

"நீதானடா மஞ்சள் பஸ்னு சொன்னே?"

"மார்க் வரும்னு நம்பித்தானே சொன்னேன்! அவ என்னை மாதிரி இல்லைன்னு தாள்ல ஒரு தடவை பாத்துட்டா போதும்னு இருந்தேன். அந்த பஸ்ல நான் போயிருக்கேன் அக்கா. கடைசி சீட்டு. என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டானுங்கன்னு உனக்குத் தெரியும். எனக்கு வாசிச்சுக் காட்டினல்ல, இவளுக்கும் காட்டு."

"காட்டினேன்," என்றாள் டார்லா. "இப்ப உனக்கு நாப்பத்திரண்டு வயசு. உன் பேருக்கு வர்ற கடுதாசியை இன்னிக்கும் நான்தான் பிரிக்கிறேன். இவளுக்கு நாப்பத்திரண்டு ஆகும்போது நான் எங்கடா இருப்பேன்?"

சொன்ன பிறகுதான் கொசுவலைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள். கெசியா வெறுங்காலோடு படியில் நின்றிருந்தாள்.

"அப்பாவுக்கும் தெரியாதா?"

அக்கா தம்பி இரண்டு பேரும் குழாயைப் பார்த்தார்கள். கெசியாதான் வந்து அதை மூடினாள்.

"கொஞ்சம் தெரியும்," என்றான் ஹார்லன். "போர்டு, பேரு, அந்த மாதிரி. பெரிசா இருந்தா வராது."

"அப்ப உங்களுக்கும் அம்மாதான் வாசிச்சுக் காட்டினாங்களா?"

"தினமும்."

"என்ன கதை?"

"கதை இல்ல பாப்பா. வேலைக் காகிதம், பேங்க் கடுதாசி." யோசித்தான். "ஆஸ்பத்திரிக் காகிதம்..."

அங்கேயே நின்றுவிட்டான். பேச்சு மட்டுமல்ல, ஆளே நின்றுவிட்டான். அவன் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாகத் திரும்புவதை டார்லா பார்த்தாள். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. நேரே நடந்து போய் லாரிக் கதவைத் திறந்தான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்துப் பெட்டிக்குள், ரசீதுகளுக்கும் கையுறைகளுக்கும் அடியில் துழாவி, மடங்கி மண் கறை படிந்த ஓர் உறையை எடுத்துவந்தான்.

"அக்டோபர்ல டாக்டர் கொடுத்தது. ஆஸ்பத்திரி வாசல்ல, இதே லாரியில உக்காந்து அவதான் வாசிச்சா. மருந்து வேலை செய்யுது, அடுத்த கோடை வரைக்கும் கவலை இல்லைன்னு போட்டிருக்குன்னா. சந்தோஷமா இருந்தா. நான் மறுநாளே வேலைக்குத் திரும்பிட்டேன். நவம்பர் முழுக்க மெக்டோவல் ஊர்ப் பக்கம் குழி தோண்டிக்கிட்டிருந்தேன் அக்கா. ராத்திரி வந்தா அவ தூங்கியிருப்பா. நேரம் இருக்குன்னு நெனச்சேன்."

உறையை நீட்டினான்.

"கெஸ்ஸி, நீ உள்ள போ," என்றாள் டார்லா.

கெசியா போகவில்லை. அப்பாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டார்லா காகிதத்தைப் பிரித்தாள். ஒரு பக்கம், நாலு பத்தி. வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாய் திறப்பதற்குள் கண் கடைசி வரிக்கு ஓடிவிடும். அவள் கண்ணும் ஓடிப்போய்த் திரும்பி வந்தது. அந்த வரியில் கோடை என்ற சொல்லே இல்லை.

ஹார்லன் காகிதத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதல் வரியிலேர்ந்து வாசி அக்கா," என்றான். "அதுல இருக்கறதை மட்டும்."